நாற்பத்தெட்டில் கூட இருந்தவன்

கலியாணசுந்தரத்துக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. காப்பியை நின்றபடி குடிப்பான், செய்தித்தாளை நடந்தபடி படிப்பான். சாப்பாட்டுக்கு மட்டும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்து, தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்து, யாரோ கூப்பிட்டதுபோல ஜன்னல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வருவான். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். முப்பத்திரண்டு வயதில், மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் நிரந்தர குமாஸ்தா வேலையும் உள்ள மனிதனை கஜா பெராங் தெருவில் நின்று யார் கூப்பிடப் போகிறார்கள்?

கூப்பிட்டதெல்லாம் ஒரு காலம். வீட்டில் அதற்கு 'அந்த நாலு வருஷம்' என்று பெயர். ஜப்பான்காரன் போன பிறகு, தனக்கு வேலை கிடைப்பதற்கு முன்பு, தானும் சிநேகிதன் நடராஜனும் சேர்ந்து இந்த மலாக்காவை என்ன பாடுபடுத்தினோம் என்பதைக் கலியாணசுந்தரம் சொல்லாத நாள் கிடையாது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியும், முடி வெட்டுபவருக்குத் தெரியும், குருபோங் தோட்டத்திலிருந்து வரி கட்ட வருகிறவர்களுக்குக்கூடத் தெரியும். சொல்லும்போது முகம் சிவந்துவிடும். சொல்லி முடித்ததும் எதையோ தொலைத்தவன்போலச் சட்டைப் பையைத் தடவுவான்.

"சமதும் சில நேரம் வருவான்" என்று எப்போதாவது சேர்த்துக்கொள்வான், சோற்றுக்கு ஊறுகாய் வைக்கிற மாதிரி.

அப்துல் சமது எங்கேயும் போய்விடவில்லை. தெருமுனையில் அப்பா விட்டுப்போன துணிக்கடையில் காலை எட்டு மணிக்குக் கைலிகளை எடுத்துத் தொங்கவிடுவான், மாலை ஆறு மணிக்கு எடுத்து மடிப்பான். கலியாணசுந்தரம் சைக்கிளில் போகும்போது ஒரு கையைத் தூக்குவான், சமதும் தூக்குவான். தினமும் கண்ணில் படுகிற ஆளை நினைத்து யார் ஏங்குவார்கள்? ஏக்கமெல்லாம் நடராஜனுக்குத்தான்.

"உங்க நாலு வருஷத்தக் கேட்டுக் கேட்டு எனக்கே வயசாயிருச்சுங்க" என்பாள் சாரதாம்பாள். "அவ்வளவு சிநேகிதம்னா அந்த மனுஷன் ஒரு கடுதாசி போட மாட்டாரா?"

"அவன் அப்படித்தான். திடீர்னு ஒரு நாள் வந்து நிப்பான் பாரு."

வந்து நின்றான். மலாயாவுக்குச் சுதந்திரம், அந்த மெர்டேக்கா, வந்து ஒரு வருடம் நிறையப் போகிற வாரம், ஐம்பத்தெட்டு ஆகஸ்டு, வியாழக்கிழமை சாயங்காலம். காக்கி அரைக்கால் சட்டை, முன்னால் தள்ளிய வயிறு, காதோரம் நரை. கலியாணசுந்தரம் ஒரு கணம் யாரோ தண்ணீர் வரி விஷயமாக வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தான். பிறகு அந்தக் கோணல் பல்லைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே "டேய்!" என்று கத்திக் கட்டிப் பிடித்துக்கொண்டான். கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

"வாடா, தெங்கேரா பக்கம் போவோம். கடல் தண்ணி ஏறுற நேரம். அந்தப் பலகைப் பாலம் இன்னும் இருக்கு."

"அதெல்லாம் இருக்கட்டும்டா. மொதல்ல ஒரு காரியம்" என்றான் நடராஜன். அவன் குரலில் அவசரம் இருந்தது.

காரியம் இதுதான். நடராஜன் பிறந்தது மன்னார்குடிப் பக்கம். ஐந்து வயதில் அப்பாவோடு கப்பலேறி வந்தவன். இங்கே பிறக்காதவர்கள் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள, மலாய் மொழிப் பரீட்சை இல்லாமல் ஒரு வருடம் சலுகை கொடுத்திருந்தார்கள். அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. கடைசிப் பன்னிரண்டு வருடத்தில் எட்டு வருடம் இந்த நாட்டில் இருந்ததாகக் காட்ட வேண்டும். ஐம்பத்து மூன்றிலிருந்து அவன் குருபோங்கில் லாரி ஓட்டுகிறான், அதற்கு முதலாளி கடிதம் கொடுத்துவிட்டார். அது ஐந்து வருடம். மீதி மூன்று வருடம், நாற்பத்தாறிலிருந்து நாற்பத்தொன்பது வரை, அவன் கஜா பெராங்கில்தான் இருந்தான் என்று ஒரு கௌரவமான ஆள் சத்தியக் கடிதம் கொடுக்க வேண்டும்.

"இது இல்லாட்டி சூசாடா, ரொம்பக் கஷ்டம். ஊர்ல கமலவேணியும் புள்ளையும் இருக்காங்க. சிட்டிசன் ஆனாத்தான் கூட்டியாறது சுலுவாம். வெளியாள் வர்ற கேட்டைச் சாத்திக்கிட்டே வர்றாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

சட்டைப் பையிலிருந்து, ஊரிலிருந்து வந்த இரண்டு கடிதங்களை எடுத்தான். எழுதியது கொஞ்சம்தான். இரண்டிலும் மீதி இடத்தில் குழந்தையின் பாதத்தை வைத்துப் பென்சிலால் கோடு இழுத்திருந்தது, செருப்பு வாங்க அளவு. பையன் பிறந்து ஒன்றரை வருடம். நடராஜன் அவனை இன்னும் பார்த்ததில்லை.

"மூணு வருஷத்துக்கு என்னடா, நாலு வருஷத்துக்கும் குடுக்கிறேன்! அந்தக் காலத்துக்கு என்னை விட்டா யாருடா சாட்சி?" என்றான் கலியாணசுந்தரம். அவனுக்கு உள்ளூர ஒரே கொண்டாட்டம். யாருக்கும் வேண்டாத அவனுடைய கதைக்கு முதல் தடவையாக அரசாங்கமே ஆள் அனுப்பிக் கேட்டதுபோல இருந்தது.

மறுநாள் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, நடராஜனைச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துத் தம்பிராஜாவிடம் கூட்டிப் போனான். மனு எழுதுகிற தம்பிராஜாவின் மேசையும் தட்டச்சு இயந்திரமும் இருந்தது சமதின் துணிக்கடை வாசலில், நடைபாதை நிழலில்தான். நடராஜனைப் பார்த்ததும் சமது கல்லாவை விட்டு எழுந்து வந்தான். "வந்துட்டியா" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான், நாற்காலி எடுத்துப் போட்டான், குடிக்கச் சிவப்புச் சிராப் தண்ணி வரவழைத்தான். பிறகு ஒரு மலாய்ப் பெண்மணி ஜன்னல் துணி கேட்டு வர, உள்ளே போய்விட்டான்.

தம்பிராஜா மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "இவரை எனக்குத் தெரியும்னு சும்மா எழுதினா ஆபீசர் தூக்கி எறிஞ்சிருவாரு. நேத்து மட்டும் மூணு திரும்பி வந்துச்சு. வருஷத்துக்கு ரெண்டு சம்பவம் வேணும். எந்த மாசம், எந்த எடம், நீங்க ரெண்டு பேரும் என்ன செஞ்சீங்க. சொல்லுங்க."

கலியாணசுந்தரம் நடைபாதையில் மேலும் கீழுமாக நடக்க ஆரம்பித்தான். சொல்லவா கசக்கும்? தெங்கேராவில் தண்ணீர் ஏறிய நேரம் பலகைப் பாலத்திலிருந்து குதித்ததும், கரையில் வைத்த துணியை நாய் இழுத்துப் போனதும், ஒரு மலாய்க்காரர் வீட்டுச் சாரோங்கைக் கேட்டு வாங்கி ஆளுக்குப் பாதியாகக் கிழிக்கப் பார்த்து அவர் துரத்தியதும் முதலில் வந்தது.

"சாரோங்கா? துணி ரேஷன்ல கெடச்ச சமயமா?"

"ஆமாண்ணே, அதனாலதான் அந்த மனுஷன் அப்படித் துரத்தினாரு."

"நாப்பத்தேழு" என்று தட்டினார் தம்பிராஜா. "அடுத்தது."

அடுத்தது சினிமா. ஒரே டிக்கெட், மூன்று பேர். முதல் ஆள் கொஞ்சம் பார்த்துவிட்டு வெளியே வந்து டிக்கெட்டை அடுத்தவனிடம் கொடுப்பான். கடைசியில் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து மூன்று துண்டையும் சேர்த்துக் கதை சொல்லிக்கொள்வார்கள். நடராஜன் சொன்ன முடிவும் உண்மையான முடிவும் வேறு வேறு என்பது கலியாணசுந்தரத்துக்குப் பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நடராஜன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"கொட்டாய்க்குத் தகரம் மாத்தினாங்களே, அதுக்கு முந்தியா பிந்தியா?"

"முந்தி. மழ ஒழுகும்ணே."

"அதுவும் நாப்பத்தேழு. நாப்பத்தெட்டுல ஒண்ணு சொல்லுங்க."

குருபோங் தோட்டத்துக்கு டுரியான் பழம் பொறுக்கப் போனது? காவலாளியின் மகள் கல்யாணம் என்று கொட்டகை போட்டிருந்தார்கள், அது நாற்பத்தேழு. மாரியம்மன் கோவில் திருவிழாவில் மேளக்காரரின் தவிலைத் தூக்கிக்கொண்டு ஓடியது? அந்த மேளக்காரர் மறுவருடம் உயிரோடு இல்லை, ஆகவே நாற்பத்தேழு. கலியாணசுந்தரம் நடையை வேகமாக்கினான். ஒவ்வொரு கதையையும் தம்பிராஜா இரண்டு கேள்வி கேட்டு அதே வருடத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டே இருந்தார். நடராஜன் குடும்பம் தோட்டத்தை விட்டுத் தெருவுக்குக் குடிவந்தது ஒன்றுதான் நாற்பத்தாறில் விழுந்தது, அதுவும் டிசம்பரில்.

"நீங்க சொல்ற ஒண்ணுலயும் போலீஸ் செக்கிங் வரலியே, தம்பி" என்றார் தம்பிராஜா. "நாப்பத்தெட்டு ஜூன்ல கம்யூனிஸ்ட்காரனுக்காக அவசரகாலம் வந்திருச்சு. அதுக்கப்புறம் இப்படிக் கண்ட எடத்துல சைக்கிள் மிதிச்சிருக்க முடியாது. செக்கிங் வந்த கத ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க."

"இருக்கு!" கலியாணசுந்தரம் மேசையைத் தட்டினான். தேதியே இருக்கிற கதை இது, இதை எப்படி மறந்தான்? "நாப்பத்தெட்டு ஜூலை. ரம்புத்தான் மரத்துலேருந்து விழுந்து கால் ஒடஞ்சு போச்சு. ஆஸ்பத்திரிச் சீட்டு வீட்டுல இருக்கு. இவன்தான் என்னைச் சைக்கிள் கம்பியில உக்கார வெச்சு, மத்தியான வெயில்ல, ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்தான். முச்சந்தியில போலீஸ் மறிச்சு எறங்கச் சொன்னான். நான் எங்க எறங்குறது? இவன் மலாய்ல கெஞ்சினான் பாருங்க…"

தட்டச்சு இயந்திரம் சந்தோஷமாகத் தடதடத்தது.

"ஒனக்குக் கால் ஒடஞ்சுதா?" என்றான் நடராஜன். "எப்படா?"

உண்மையான அக்கறையோடுதான் கேட்டான். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இயந்திரம் நின்றது. கலியாணசுந்தரம் நடராஜனின் முகத்தையே பார்த்தான். கடைக்குள் துணி வெட்டிக்கொண்டிருந்த கத்திரிக்கோலும் நின்றுவிட்டது.

"அது நான்" என்று உள்ளேயிருந்து சமதின் குரல் வந்தது. பெருமையும் இல்லை, குறையும் இல்லை, துணியின் அகலத்தைச் சொல்கிற குரல். "நோன்பு மாசம் அது. தண்ணி குடிக்கவும் முடியல, ஒன்னைக் கீழ போடவும் முடியல."

கலியாணசுந்தரத்துக்கு அந்த வெயில் ஞாபகம் இருந்தது, கம்பி தொடையில் அழுந்தியது ஞாபகம் இருந்தது, காதருகே இரைத்த மூச்சு ஞாபகம் இருந்தது. அந்த மூச்சுக்கு எப்போது நடராஜனின் முகத்தை ஒட்ட வைத்தான் என்பது மட்டும் தெரியவில்லை.

நடராஜன் கையைப் பிசைந்தான். "நான் நாப்பத்தெட்டு பொங்கலுக்கு முந்தின வாரமே மாமாகூட சிங்கப்பூர் போயிட்டேன்டா. தொறமுகத்துல வேல. அஞ்சு வருஷம் அங்கதான். அப்ப யாருடா அத வெளிநாடுன்னு நெனச்சது? காலைல பஸ் ஏறினா பொழுது சாய அங்க. இங்கயும் அதே வெள்ளக்காரன், அதே ராஜா தல போட்ட காசு. இப்ப என்னடான்னா கணக்குல சேராதாம். மூணு வாரத்துக்கு முந்திதான் சொல்றாங்க."

"அப்ப ஏன்டா எங்கிட்ட வந்தே?"

"குருபோங்ல ஒருத்தன் சொன்னான். மலாக்காவுல ஒரு கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, நடராஜனும் நானும் நாலு வருஷம் ஒண்ணா திரிஞ்சோம்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காருன்னு. பேரக் கேட்டேன். நீதான். சரி, அவனே அப்படி நெனச்சிருக்கான், நம்ம ஏன் திருத்தணும்னு…"

பதின்மூன்று மாதம். கலியாணசுந்தரம் மனதுக்குள் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தான், கூடவில்லை. டிசம்பரிலிருந்து பொங்கலுக்கு முந்தின வாரம். எந்த நாட்களை நினைத்து அலுவலகத்தில் பேனாவை உதறினானோ, எதை நினைத்துச் சாரதாம்பாளோடு ஒட்டாமல் ஜன்னலோரம் நின்றானோ, அந்த நாலு வருடத்தில் ஏறக்குறைய மூன்று வருடம் நடராஜன் இல்லவே இல்லை. அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

தம்பிராஜா காகிதத்தை உருவப் போனார். "பொய்ச் சத்தியம்னா வேலை போயிரும் தம்பி. உள்ளயும் வெச்சிருவான். இது வேணாம்."

"காகிதத்த எடுக்காதீங்கண்ணே" என்றான் சமது.

அவன் வெளியே வந்து, நடராஜன் மடியில் கிடந்த கடிதங்களை எடுத்துக் கல்லா மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். அளவுநாடாவை எடுத்து ஒரு பாதத்தை அளந்தான், பிறகு மற்றதை. "ரெண்டு கடுதாசிக்கும் நடுவுல முக்கால் இன்ச்சு வளந்திருக்கான்" என்றான். கடிதங்களை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "எழுதுங்கண்ணே. கால் ஒடஞ்சப்ப தூக்கிட்டுப் போனது நடராஜன்னே எழுதுங்க. நான் சொல்லிப்புடுவேன்னு யாரும் பயப்பட வேணாம்."

சமது கதவுப் பலகையில் சாய்ந்துகொண்டு, பார்த்து வாசிக்கிறவன்போலச் சொன்னான்.

"நாப்பத்தெட்டு அக்டோபர். கலியாணசுந்தரத்தோட அப்பா மவுத்தானாரு. பதினாறாம் நாள் காரியம் முடியிற வரைக்கும் இவன் தூங்கல. கூட உக்காந்திருந்தது நடராஜன். நாப்பத்தொம்பது மார்ச்சு, ஏப்ரல். கிராணிப் பரீட்சைக்கு இந்தக் கடைக்குப் பின்னாடி துணி மூட்டை மேல உக்கார வெச்சுக் கணக்குப் போட வெச்சது நடராஜன். தப்பாப் போட்டா அளவுக்கோலால ஒண்ணு குடுப்பான். நாப்பத்தொம்பது ஜூன். பரீட்சை பாஸுன்னு போர்டுல பேரு பாத்துட்டு ஓடி வந்து சொன்னது நடராஜன். போதுமாண்ணே?"

தம்பிராஜா தலையைக் குனிந்தபடி தட்டினார். ஒவ்வொரு வரிக்கும் கலியாணசுந்தரத்துக்குள் ஒரு கதவு திறந்து உடனே சாத்திக்கொண்டது. அப்பா போன அந்தப் பதினாறு நாளில் பக்கத்தில் ஒருவன் தலையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தான். ஆமாம், தொப்பி. அதை எப்படி மறந்தான்? வேலை கிடைத்த பிறகு அந்தப் புதுத்துணி வாசனையும் மூட்டையும் அளவுக்கோலும் அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்திருக்கலாம். தெருவை விட்டுப் போய்த் திரும்பாத நடராஜன் வசதியாக இருந்தான். எந்தக் கதையில் வைத்தாலும் வந்து நின்று, அது நான் இல்லை என்று சொல்ல மாட்டான்.

"சமது, இது சரியில்லப்பா" என்றான் கலியாணசுந்தரம். "இதெல்லாம் நீ…"

"மணி பதினொண்ணாவுது. சத்தியம் வாங்குற கமிஷனர் பன்னண்டுக்குச் சீட்ட விட்டு எந்திரிச்சிருவாரு. போங்க."

கலியாணசுந்தரம் கையெழுத்துப் போடாமல் இருந்திருக்கலாம். போட மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். நடராஜன் அவனிடம் கெஞ்சவில்லை. கடிதங்களைச் சட்டைப் பையில் வைத்து, பொத்தானைப் போட்டு, போட்டிருக்கிறதா என்று மறுபடி தடவிப் பார்த்தான். அந்தப் பொத்தானைப் பார்த்த பிறகு கலியாணசுந்தரத்தால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

டவுனில் சத்தியம் வாங்குகிற அதிகாரி முகத்தை நிமிர்த்தவே இல்லை. இதில் கண்டது எல்லாம் உண்மையா என்று மலாயில் கேட்டார். "பெனார், துவான்", உண்மைதான் ஐயா, என்றான் கலியாணசுந்தரம். குரல் அவனுடையதுபோல இல்லை. முத்திரை விழுந்தது. நடராஜன் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மறக்க மாட்டேன்டா" என்று சொல்லிவிட்டு, பதிவு அலுவலகம் மூடுவதற்குள் ஓடினான். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு நன்றாகவே ஓடினான். தெங்கேராவுக்குப் போகலாமா என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை.

கலியாணசுந்தரம் அலுவலகத்துக்குப் போகாமல் சைக்கிளை கஜா பெராங்குக்குத் திருப்பினான். மிதிக்க மிதிக்க ஒவ்வொரு ஞாபகமாக வந்துகொண்டிருந்தது. இத்தனை வருடமும் நடராஜன் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றவையெல்லாம் சட்டையைக் கழற்றிவிட்டு சொந்த முகத்தோடு வந்தன. தன்னிடம் நாலு வருடம் இருக்கத்தான் செய்கிறது, ஆள்தான் வேறு. இதை இப்போதே போய்ச் சமதிடம் சொல்ல வேண்டும். சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். வழியில் ஒரு கோழிமேல் ஏற்றியிருப்பான், எப்படியோ தப்பியது.

ஜும்மா தொழுகைக்குக் கடையை அடைக்கிற நேரம். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகச் சமது வாசல் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டிருந்தான். கலியாணசுந்தரம் சைக்கிளைத் தூணில் சாய்த்துவிட்டு ஒரு பலகையின் மறுமுனையைப் பிடித்தான்.

"முடிஞ்சுதா?" என்றான் சமது.

"முடிஞ்சுது." மூச்சு வாங்கியது. "டேய் சமது, தஞ்சோங் கிளிங் போனோமே, ஞாபகமிருக்கா? புடிச்ச மழ விடல. படகுக் கொட்டாயில ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் ஒக்காந்திருந்தோம். மீன்காரர் மரவள்ளிக் கெழங்கு சுட்டுக் குடுத்தாரு. நீ ஏதோ ஒரு பாட்டு சொல்லிக் குடுத்தே, அது என்ன பாட்டு? நாப்பத்தெட்டு கடைசிதானே அது? இத்தன நாளா நான் என்னமோ… அது நீதானேடா?"

சமது கையிலிருந்த பலகையைக் கீழே வைக்காமல் நின்றான்.

"நாப்பத்தெட்டுலயா?"

"ஆமாடா, நாப்பத்தெட்டு."

"நாப்பத்தெட்டுல ஒங்கூட இருந்தது நடராஜன்ப்பா" என்றான் சமது. "இப்பதான சத்தியம் பண்ணிட்டு வர்றே."

கடைசிப் பலகையைச் செருகிப் பூட்டை மாட்டினான். பள்ளிவாசல் பக்கம் நடந்தான். அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கலியாணசுந்தரத்துக்குப் பதில் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும்.